டர்போபிராப் விமானங்களை ஒப்பிடும்போது விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிங் ஏர், மிட்சுபிஷி எம்யு-2 இரண்டுமே இரட்டை இன்ஜின் டர்போபிராப்கள், அதாவது டர்பைன் இன்ஜினால் புரொப்பெல்லரைச் சுழற்றிப் பறப்பவை. கிங் ஏர் ஓட்டியவரிடம் எம்யு-2 பற்றிக் கேட்டால் ஆளை விழுங்கிவிடும் விமானம் என்பார். எம்யு-2 ஓட்டியவரிடம் கிங் ஏரைப் பற்றிக் கேட்டால் அசைந்து கொடுக்காத மந்தமான விமானம் என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இப்படிப் பேசும்போது பெரும்பாலும் வெளிப்படுவது அவரவர் கைப்பழக்கம்தான். இரட்டை இன்ஜின் டர்போபிராப்களை ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். கிங் ஏர் பி200-ல் இன்ஜின் ஒன்றுக்கு 850 குதிரைத்திறன். பின்னால் வந்த பி200ஜிடி-யிலும் அதே 850. காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் பழையதன் அதிகபட்ச வேகம் சுமார் 290 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவில் நின்றுவிடும், புதியது 300-ஐத் தாண்டும். உயரே காற்று மெலிந்ததும் டர்பைனின் வெப்பநிலை வரம்பு முந்திக்கொள்கிறது. பழைய இன்ஜினால் அங்கே முழு 850-ஐத் தர முடியாது. புதியதில் உள்ள பிடி6ஏ-52 இன்ஜினுக்கு உள்ளே கையிருப்புச் சக்தி அதிகம் என்பதால் அதே சக்தியை இன்னும் மேலே வரை தாங்கிப் பிடிக்கும். ஆகவே குதிரைத்திறனை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். எந்த உயரத்தில், எந்த எடையில், எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள். இன்னொன்று, 300 கடல் மைல் பயணத்தில் 280 நாட் வேகத்துக்கும் 300 நாட் வேகத்துக்கும் வித்தியாசம் சுமார் நான்கு நிமிடம்தான். மேலேறுவதையும் இறங்குவதையும் சேர்த்தால் அதுவும் குறையும். இந்த நான்கு நிமிடத்துக்காக விமானங்களைத் தரம் பிரிப்பது வீண்வேலை.

அடுத்தது இன்ஜின் குணத்தையும் விமானத்தின் குணத்தையும் போட்டுக் குழப்புவது. பெரும்பாலான கிங் ஏர்களில் இருப்பது பிடி6 இன்ஜின், எம்யு-2-வில் இருப்பது காரெட் டிபிஇ331. பிடி6-ல் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் தனி. அதற்கும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் நடுவே தண்டுத் தொடர்பு கிடையாது. காரெட் டிபிஇ331-ல் எல்லாம் ஒரே தண்டில், கியர் வழியாக நேராகப் புரொப்பெல்லருக்கு. பறக்கும்போது அந்தத் தண்டு எப்போதும் கிட்டத்தட்ட முழுச் சுற்றில் இருப்பதால், சக்தியைக் கூட்டும் லீவரைத் தள்ளினால் சக்தி உடனே வந்து சேரும். பிடி6 ஒரு கணம் யோசித்துத்தான் தரும். இறங்கும்போது இது தலைகீழாகிறது. பிடி6 பழக்கத்தில் தரைக்கு மேலே வந்ததும் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தால், காரெட் இன்ஜினில் புரொப்பெல்லர் தட்டையாகி பிரேக் போட்டதுபோல் இழுக்கும். விமானம் தொப்பென்று விழும். அப்புறம் "எம்யு-2 தரையிறங்கத் தெரியாத விமானம்" என்று பேர் வரும். கொஞ்சம் சக்தியை விட்டுவைத்து இறங்கினால் அதே விமானம் பதவிசாக உட்காரும். கிங் ஏர் என்றாலே பிடி6 என்றும் நினைக்க வேண்டாம். பி100 என்ற மாடலில் காரெட்தான் இருந்தது.

எம்யு-2-வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அநியாயமாகக் கெட்டபேர் வாங்கிய விமானம் அது. அதன் இறக்கைப் பரப்பு 178 சதுர அடி. கிங் ஏர் 200-க்கு 303. அந்தச் சின்ன இறக்கையின் பின்விளிம்பு முழுக்க, மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்டும் ஃபிளாப். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் வழக்கமான ஐலரான்களுக்கு இடமில்லை. அதற்குப் பதில், இறக்கையின் மேல் எழுந்து அந்தப் பக்கத்துத் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர் தகடுகள்தான். இப்போது எழுந்த சற்று நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றுவிட்டது என்று வையுங்கள். கிங் ஏர் பழக்கத்தில் விமானி கைப்பிடியை நன்றாகத் திருப்பிப் பிடிப்பார். உயிரோடு இருக்கும் இன்ஜின் பக்கம் ஸ்பாய்லர் எழுந்து நிற்கும். மிச்சமிருக்கும் தூக்குவிசையையும் அது தின்னும். இங்கே செய்ய வேண்டியது வேறு: காலால் ரடரை (வால் சுக்கானை) அழுத்தி மூக்கை நேராக வைப்பது, பிறகு சாய்வைச் சரிக்கட்டும் சிறிய டிரிம் ஐலரானைக் கொண்டு கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து ஸ்பாய்லரைப் படுக்கவைப்பது. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ 2008-ல் இந்த விமானத்துக்கென்றே தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. விமானத்தை மாற்றவில்லை, பயிற்சியைத்தான் மாற்றினார்கள். விபத்துகள் பெரிய அளவில் குறைந்தன. எந்த டர்போபிராப்பையும் "ஆபத்தானது" என்று சொல்வதற்கு முன், சொல்பவர் அதில் முறையான பயிற்சி எடுத்தவரா என்று கேட்டுப் பாருங்கள்.

பனிப்படிவு பற்றியும் ஒரு வரி: தெளிந்த வானத்து எண்களைப் பனிமேகத்துக்குள் நம்ப வேண்டாம். கிங் ஏரில் பனி இன்ஜினுக்குள் போகாமல் காக்கும் ஐஸ் வேன் என்ற தகட்டைத் திறந்தாலே இன்ஜினின் முறுக்குவிசை (டார்க்) குறையும்.

கடைசியாக, ஆனால் என் கணக்கில் மிகக் கனமான தவறு, கிங் ஏர் பி200-ஐயும் கிங் ஏர் 350-ஐயும் ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே தராசில் வைப்பது. 350-ன் உச்ச எடை 15,000 பவுண்டு; அது கம்யூட்டர் என்ற, விதிகள் கூடுதல் கடுமையான பிரிவில் சான்று பெற்றது. ஓடுபாதையில், எழுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் கடைசி வேகத்தைத் தொட்டபின் ஓர் இன்ஜின் போனாலும், தொடர்ந்து ஓடி எழுந்து ஏற முடியும் என்று அதன் கணக்குகள் காட்டியாக வேண்டும். 12,500 பவுண்டு வரம்புக்குள் நிற்கும் பி200-இடம் விதி அவ்வளவு கேட்கவில்லை. சக்கரத்தை மடக்கி, நின்ற இன்ஜினின் புரொப்பெல்லரை ஃபெதர் செய்த (காற்றை இழுக்காதபடி இறகுகளைத் திருப்பிய) பிறகு ஏறுமா என்பதுதான் அங்கே கேள்வி. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் முதல் சில நொடிகளுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. "இரண்டு இன்ஜின் இருக்கே, ஒன்று போனால் இன்னொன்று" என்று பேசுபவர்கள் மறப்பது இந்த நொடிகளைத்தான். எனவே பி200-ஐ மற்ற விமானங்களோடு ஒப்பிட உட்காரும்போது உச்ச வேகப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன், ஒற்றை இன்ஜின் ஏற்ற வரைபடத்தைத் திறந்து, கோடை மதியத்து வெப்பத்தையும் முழு எடையையும் போட்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள்.