சேவலைப் பார்த்துப் படத்துக்கு வயது சொல்லாதீர்கள்

பழைய படங்களைச் சீரமைத்துப் பட்டியலிடும் எங்களிடம் போன மாதம் வேலை பழக வந்த பெண், பிரெஞ்சு மௌனப் படம் ஒன்றின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே பட்டியலில் 1912 என்று எழுதினாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டைட்டில்ல சேவல் இந்த மாதிரி இருந்தா 1912 தானே சார்?" என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை, செய்யக் கூடாத தவறுகளின் வரிசையாக, இங்கே எழுதி வைக்கிறேன். ஃபைல் பெயரைத் தப்பாகப் போடுவது, ரீல் எண்ணை மாற்றி எழுதுவது பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

சேவல் என்றால் பாத்தே ஃப்ரேர் கம்பெனியின் சேவல். 1896-இல் பாரிஸில் பாத்தே சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. சார்ல் பாத்தே படத் தொழிலைக் கவனித்தார், அண்ணன் எமில் ஃபோனோகிராஃபைக் கவனித்தார். பிரான்சின் அடையாளமான சேவலே கம்பெனிக்கும் சின்னமானது. டைட்டில் கார்டிலும் விளம்பரத்திலும் அது இருந்தது. 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து படத்துக்குள்ளேயும், செட் சுவரிலும் அது ஏறியது. அதற்குக் காரணம் திருட்டுப் பிரிண்ட். ஒரு பிரிண்டை வாங்கி, அதிலிருந்து நகல் எடுத்து, டைட்டிலை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரில் விற்பவர்கள் அப்போது நிறையப் பேர். டைட்டிலை வெட்டலாம், சுவரை வெட்ட முடியாது.

முதல் கார்டை நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

அன்று என் கையில் இருந்தது ஒரு துரத்தல் நகைச்சுவைப் படம், ஒரே ரீல். முதல் கார்டில் அழகான சேவல், தெளிவான எழுத்து. கார்டின் அமைப்பைப் பார்த்து 1912 என்று குறித்துக்கொண்டேன். அத்தோடு விட்டிருந்தால் ஒரு தவறோடு போயிருக்கும். அந்தக் கார்டை அளவுகோலாக்கினேன். இதே சேவல் இருந்தால் 1912, வால் இப்படி வளைந்திருந்தால் அதற்கு முன், எழுத்து அப்படி இருந்தால் அதற்குப் பின் என்று ஒரு வரிசை போட்டேன். அந்த வரிசையை வைத்து மூன்று மாதத்தில் 43 பிரிண்டுகளுக்கு வருடம் எழுதினேன். அவற்றில் சில ஒரு திரையிடலின் கையேட்டில் அச்சாகியும் போயின.

எங்கள் மூத்தவர் அந்த முதல் ரீலை எடுத்து லைட் பாக்ஸ் மேல் விரித்தார். லென்ஸை என் கையில் கொடுத்து, "ஓரத்தைப் படி" என்றார். சேவல் கார்டு முடிந்து முதல் காட்சி தொடங்கும் இடத்தில் ஓர் ஒட்டு, அதாவது இரண்டு பிலிம் துண்டுகளைச் சேர்த்த இடம், இருந்தது. ஒட்டுக்கு முன்னால் பிலிமின் ஓரம் வெறுமையாக இருந்தது. ஒட்டுக்குப் பின்னால், துளைகளை ஒட்டிப் பொடி எழுத்தில் 'பாத்தே ஃப்ரேர் பாரிஸ்' என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்ப ஓடியது. கார்டும் காட்சியும் வேறு வேறு பிலிம். யாரோ பின்னால் மறுவெளியீட்டுக்காகப் புதுக் கார்டு செய்து ஒட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் பழைய பட்டியலில் கதைச் சுருக்கத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டபோது படம் 1907-இல் வந்தது என்று தெரிந்தது. அளவுகோலே தப்பு என்றால் அதை வைத்து அளந்த எல்லாமும் தப்புத்தானே? 43-ஐயும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முடிக்க ஐந்து மாதம் ஆனது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரே பிரிண்டுக்குள் மூன்று வயது இருக்கலாம் என்பது. செட் சுவரில் இருக்கும் சேவலுக்குப் படப்பிடிப்பு நடந்த நாளின் வயது. ஓர எழுத்துக்கு அந்தப் பிரிண்ட் எடுத்த காலத்தின் வயது. 1906-இல் எடுத்த படத்துக்கு 1910-இலும் பிரிண்ட் போட்டிருக்கலாம். முதல் கார்டுக்கு யார் எப்போது ஒட்டினார்களோ அந்த நாளின் வயது. பாத்தே படங்கள் பல நாடுகளுக்குப் போயின, கார்டுகள் அந்தந்த ஊர் மொழியில் மாறின. 1912-இல் வீட்டில் போட்டுப் பார்க்க 28 மில்லிமீட்டர் அகலப் பிலிமில் 'பாத்தே கோக்' வந்தது. கோக் என்ற பெயரே பிரெஞ்சில் சேவலைக் குறிக்கும் சொல்லின் ஒலிதான். 1922-இல் 9.5 மில்லிமீட்டர் 'பாத்தே பேபி' வந்தது. பழைய படங்களைச் சுருக்கி இவற்றில் விற்றபோது கார்டுகளையும் புதிதாகச் செய்தார்கள். போதாததற்கு, நம் காலத்தில் சீரமைத்தவர்கள் செய்த கார்டுகளும் உண்டு. நல்ல காப்பகங்கள் அப்படிப்பட்ட கார்டின் மூலையில் தங்கள் அடையாளத்தைப் போட்டுவிடும். எல்லோரும் போடுவதில்லை.

அதனால் சேவலின் வால், கொண்டை, எழுத்து இவற்றை ஒப்பிடுவது தப்பே இல்லை. சின்னம் எப்படி மாறிவந்தது என்பதை அப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கார்டைக்கூட வரிசையில் சேர்க்காதீர்கள்.

சுவர்ச் சேவலைத் துடைப்பது

ஒரு பையன் சமையலறைக் காட்சி ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வெளிறிய கறை மாதிரி ஏதோ தெரிந்தது. அழிக்கப் போனவனை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். கொண்டையும் வாலும் தெரிந்தன. அமெரிக்காவில் லூபின் கம்பெனியில் வேலை பார்த்த ஃப்ரெட் பால்ஷோஃபர், பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் படங்களை நகலெடுக்கும்போது அவருடைய நட்சத்திரச் சின்னத்தை மறைத்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். திருட்டுப் பிரிண்ட்காரர்கள் மெனக்கெட்டுச் செய்த அந்த வேலையை, நூறு வருடம் கழித்துச் சீரமைப்பு என்ற பெயரில் நாம் செய்யக் கூடாது. சந்தேகம் வந்தால் கறையைக் கறையாகவே விடுங்கள்.

சேவல் இல்லையென்றால் பாத்தே இல்லை என்பது

தப்பு. எல்லாக் காட்சியிலும் வைக்கவில்லை.

அமெரிக்கச் சேவலையும் பாரிஸ் சேவலையும் கலப்பது

பாத்தேக்கு அமெரிக்காவிலும் கிளை இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள்.

கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுப்பது

பாத்தே டைட்டில்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது வழக்கம். அந்தச் சிவப்பும் ஓர் அடையாளம். படம் கறுப்பு வெள்ளைதானே என்று நிறத்தை விட்டுவிட்டால், அந்தத் தகவல் ஸ்கேனில் வராது.

ஓரத்தை வெட்டுவது

ஸ்கேன் கூடத்துக்கு அனுப்பும்போது 'துளைகளும் ஓரமும் சேர்த்து, முழு அகலம்' என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். படச் சட்டம் மட்டும் போதும் என்று வெட்டினால், 'பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் காட்டக் கூடாது' என்பது போன்ற ஓர வரிகள் போய்விடும். அந்தக் கம்பெனி 1907-இல் பிரிண்டுகளை விற்பதை விட்டு வாடகைக்குத் தரத் தொடங்கிய காலத்தைத் தேட உதவுபவை அவை. அந்தக் காலப் படங்கள் இருக்கும் நைட்ரேட் பிலிம் தானாகவே சிதைந்துபோவது, நமக்காகக் காத்திருக்காது. இரண்டாவது முறை ஸ்கேன் செய்யலாம் என்று போனபோது, எங்கள் ரீல் ஒன்றின் ஓரம் ஏற்கெனவே பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது.