கப்பல் ஏழு மணிக்கு வந்தால் விமானம் எத்தனை மணிக்கு?

"ஏழு மணிக்கே கப்பல் கரைக்கு வந்துடுதாம் அக்கா. பத்து, பத்தரைக்கு ஃப்ளைட் இருந்தா போட்டுடுங்க. சாயங்காலமே வீடு வந்து சேர்ந்துடலாம்."

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் துபாய், மஸ்கட் என்று வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது மாங்கூழ் ஆலைக்காரர்கள், கிரானைட் வியாபாரிகள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதிகள் என்று, சிங்கப்பூர் போய் அங்கிருந்து மூன்று நாள், நாலு நாள் க்ரூஸ் என்கிற கப்பல் சுற்றுலா போய்விட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது மேலே சொன்னதைத்தான். அந்தப் பத்து மணி டிக்கெட்டை நான் போட்டுத் தருவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. ஆனாலும் போடமாட்டேன். ஏன் என்று ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

2019 மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். அப்போது அம்மாவுக்கு வயது 68, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். திரும்பி வர 10.50 மணி விமானம் எடுத்திருந்தேன். மத்தியான விமானத்தைவிட ஆளுக்கு 2,800 ரூபாய் குறைவு. கப்பல் ஏழு மணிக்கு வரும் என்று போட்டிருந்தது. வரவும் செய்தது. நேரம் தவறவே இல்லை.

கடைசி ராத்திரி கேபினுக்குள் ஒரு கவர் வைப்பார்கள். அதில் கலர் கலராக லக்கேஜ் டேக் இருக்கும். பெரிய பெட்டியில் அதைக் கட்டி, ராத்திரி பதினோரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை மறுநாள் கரையில்தான் பார்க்க முடியும். அம்மா தன் பெட்டி அடையாளம் தெரிய வேண்டும் என்று கைப்பிடியில் பழைய மஞ்சள் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டினார். அழகாக மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே, உடையாமல் இருக்கட்டும் என்று, இன்சுலின் பேனாவையும் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு அது தெரியாது.

காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு ஹாலில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அம்மா கைப்பையைத் துழாவ ஆரம்பித்தார். ஊசி போடாமல் சாப்பிட முடியாது. பெட்டியோ கப்பலின் அடியில். இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் கலரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். கூப்பிட்டபோது மணி 9.05. கரையில் அந்தப் பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான கறுப்புப் பெட்டிகள். மஞ்சள் துணியைக் கண்டுபிடித்தபோது 9.40. அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து, ஊசி போட்டு, ரொட்டியைச் சாப்பிட வைத்தேன். டாக்ஸி வரிசையில் இருபத்தைந்து நிமிஷம். சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது 10.45. கவுண்டர் ஒன்பது ஐம்பதுக்கே மூடிவிட்டது. அன்று ராத்திரி விமானத்துக்கு இரண்டு பேருக்குமாகப் புது டிக்கெட் 39,000 ரூபாய். 5,600 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்க் கொடுத்த விலை அது. பணத்தைவிட, பசியோடு மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம்தான் எனக்கு மறக்கவில்லை.

ஏழு மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். நீங்கள் இறங்கும் நேரம் அல்ல. கயிறு கட்டி, துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் ஆள் இறங்க முடியும். மூவாயிரம், நாலாயிரம் பேரை ஒரே வாசலில் விட முடியாது. அதனால்தான் அந்தக் கலர் டேக். ஒவ்வொரு கலராகக் கூப்பிடுவார்கள், எந்தக் கலர் எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. இறங்கினால் இமிகிரேஷன் வரிசை, பெட்டி தேடல், டாக்ஸி வரிசை. அதே கப்பலில் அன்றைக்கே அடுத்த கூட்டம் ஏற வேண்டும் என்பதால் ஒன்பதரை, பத்துக்குள் எல்லாரையும் இறக்கிவிடப் பார்ப்பார்கள். நீங்கள் அந்தக் கடைசிக் கூட்டத்தில் இருப்பீர்கள் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். முன்னால் விட்டால் லாபம்.

இன்னொரு வழி உண்டு. பெட்டியை வெளியே வைக்காமல் நீங்களே உருட்டிக்கொண்டு முதல் ஆட்களாக இறங்கலாம். முந்தைய நாளே வரவேற்பு மேஜையில் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் எல்லாம் நிரம்பி வழியும், படியில் தூக்க வேண்டியும் வரலாம். முப்பது வயதுக்காரர்கள், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி என்றால் தாராளமாகச் செய்யலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலி கேட்டவர்களுக்கும் இது வேண்டாம். சக்கர நாற்காலி தள்ளும் ஊழியர் ஒருவரே திரும்பத் திரும்ப வந்து ஆட்களை இறக்குவார். அதற்குத் தனியாக அரைமணி ஒதுக்குங்கள்.

இப்போது சிங்கப்பூர்க் கணக்கு. கப்பலை விட்டு இறங்க 9.30. பெட்டி எடுத்து வெளியே வர 10.15. மரினா பே க்ரூஸ் சென்டரிலிருந்து சாங்கி சுமார் 20 கிலோமீட்டர், டாக்ஸியில் அரைமணி. வரிசையில் நிற்பதையும் சேர்த்தால் பதினொன்று. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருப்பது நல்லது. ஆக, இரண்டு மணியையொட்டிய விமானம்தான் பதறாமல் ஏறக்கூடியது. ஒரு மணி என்றால் சரி, போட்டுத் தருவேன். பன்னிரண்டுக்கு முன்னால் என்றால் மாட்டேன். ஹார்பர்ஃப்ரண்டில் இருக்கும் இன்னொரு முனையத்துக்கு வரும் கப்பலானாலும் இதே கணக்குதான். எந்த முனையம் என்று கப்பல் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், டாக்ஸிக்காரரிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

டிக்கெட்டில் 2 மணிக்குக் கிளம்பி 4 மணிக்கு பெங்களூரு என்று பார்த்ததும், "ரெண்டே மணி நேரமா?" என்று பலரும் கேட்பார்கள். இல்லை. பறக்கும் நேரம் சுமார் நாலரை மணி. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் அப்படித் தெரிகிறது. கிளம்பும் நேரத்தோடு இரண்டைக் கூட்டினால் நம்மூர் நேரத்தில் எப்போது இறங்குவோம் என்பது வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம்மூர்க்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். பெங்களூரில் இருப்பவர் இறங்கினால் வீடு வந்துவிட்டது. நமக்குத் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கின பிறகு கிருஷ்ணகிரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் பாக்கி. தர்மபுரி என்றால் இன்னும் ஐம்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மொத்த பெங்களூரும் படுத்துக் கிடக்கிறது.

நாலு மணிக்கு இறங்கினால், இரண்டாம் முனையத்தில் இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து காரில் உட்கார ஐந்து, ஐந்தேகால். ஆபீஸ் விடுகிற நேரத்தில் ஹெப்பாலிலும் சில்க் போர்டிலும் மாட்டினால் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடவே எட்டாகிவிடும். அதனால் மத்தியான விமானத்தில் வருகிறவர்களுக்கு டிரைவரிடம் நானே சொல்லிவிடுவேன்: ஊருக்குள் நுழையாதீர்கள், ஹொசகோட்டை, மாலூர் வழியாக ஓசூர் வாருங்கள். தூரத்தைப் பார்க்க வேண்டாம். வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வயதானவர்களுக்கு அலுப்புத் தெரியாது. ஒன்பது, ஒன்பதரைக்கு வீட்டில் ரசம் சாதம் சாப்பிடலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

ராத்திரி ஏழு, எட்டு மணி விமானம் என்றால் இங்கே ஒன்பது, பத்துக்கு இறக்கம். வெளியே வரப் பதினொன்று ஆகலாம். நகரம் அடங்கியிருக்கும், மேம்பாலத்தில் ஏறினால் அத்திப்பள்ளி வரை தடையில்லை. ராத்திரி ஒன்றரை, இரண்டுக்கு கிருஷ்ணகிரி. சாலைக்கு இது சுலபம், டிரைவருக்குக் கஷ்டம். சூளகிரி, குருபரப்பள்ளிப் பக்கம் விடியலுக்கு முந்தைய நேரத்தில் லாரிகளுக்கு நடுவே கண் அசந்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்குப் பகல் சவாரி எதுவும் எடுக்காமல் தூங்கி எழுந்து வருகிற டிரைவர் கிடைத்தால் மட்டும் இந்த விமானத்தைப் பிடியுங்கள். கர்நாடகத்துக்குள் ஓட்ட பர்மிட் இருக்கிற வண்டியா என்றும் முன்னாலேயே கேளுங்கள். கார் வேண்டாம் என்கிற இளைஞர்கள் விமான நிலையத்து வாயு வஜ்ரா பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து, அங்கே சேலம், தர்மபுரி போகும் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

ராத்திரி விமானத்தில் சிங்கப்பூரில் ஒரு பகல் கையில் கிடைக்கிறது. பெட்டியோடு அலையாதீர்கள். நேராகச் சாங்கி போய், உங்கள் ஏர்லைன்ஸ் முன்கூட்டியே பெட்டியை வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் காசு கொடுத்து வைக்கும் அறை இருக்கிறது. பிறகு எம்ஆர்டி ரயில் ஏறி செராங்கூன் ரோடு வந்தால் வீரமாகாளியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு. கோயில் மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். 2019இல் ராத்திரி விமானத்துக்குக் காத்திருந்தபோது அம்மாவும் நானும் அங்கேதான் போனோம்.

கையில் கொஞ்சம் பணம் தாராளமாக இருந்தால் மூன்றாவது வழி எல்லாவற்றையும்விட நல்லது. கப்பல் இறங்கின அன்று ராத்திரி சிங்கப்பூரில் தங்கி, மறுநாள் காலை விமானம். எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு பெங்களூரு, மூன்று மணிக்குள் வீடு. கப்பல் தாமதமானாலும் பயமில்லை. டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஒரு யோசனை: தேவனஹள்ளியில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் விமானங்கள் தாமதமாவது வழக்கம். அந்த மாதங்களில் அதிகாலையில் வந்து இறங்கும் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தர்மபுரிக்காரர்கள் சிலர் திருச்சி, கோயம்புத்தூர் விமானம் கேட்பார்கள். விலை குறைந்தால் யோசிக்கலாம், ஆனால் இரண்டுமே 200 கிலோமீட்டர் சாலை. சேலம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, 2023 அக்டோபரில் மறுபடி திறந்தது. அங்கே வரும் விமானங்கள் குறைவு. சென்னையில் மாறி வருவதாக இருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதலாவது தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் நஷ்டம்.

வேறு துறைமுகங்களுக்கும் கணக்கு அதேதான், சாலைத் தூரம் மட்டும் மாறும். மும்பை பல்லார்ட் பியரிலிருந்து விமான நிலையம் சுமார் 25 கிலோமீட்டர், ஆனால் அது மும்பை நெரிசல், இரண்டு மணி நேரம் வையுங்கள். கொச்சியில் வில்லிங்டன் தீவிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர். ரோம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும், கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். லண்டன் என்பதும் அப்படித்தான், சவுத்தாம்ப்டனிலிருந்து ஹீத்ரோ 100 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு விமானமே வேண்டாம். மத்தியானம் கிளம்பும் லால்பாக் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, அங்கிருந்து கார் வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுக்கும்போது தேதி மாற்ற எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். புயல், கப்பலில் யாருக்காவது உடம்பு முடியாமல் போவது என்று தாமதம் எப்படியும் வரலாம். பயண இன்சூரன்ஸில் விமானம் தவறினால் பணம் உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா (பல தடவை நுழையலாமா) என்று பார்க்க மறக்காதீர்கள். கப்பலில் போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது தடவை நுழைவது. அதற்கு எஸ்ஜி அரைவல் கார்டும் (சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவம்) இன்னொரு தடவை போட வேண்டும், வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள். கப்பலில் இன்டர்நெட் விலை அதிகம். மலேசியாவின் பினாங்கில் கப்பல் நிற்கும்போது கரையில் உட்கார்ந்து போனிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசி ராத்திரி கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், போன் சார்ஜர், மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு, மருந்துகள். மருந்துச் சீட்டும் கூடவே. பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, காலையில் போடுகிற மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "பையில இருக்கு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கண்ணால் பாருங்கள். டிரைவருக்கு விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான எண்ணையும் அனுப்பிவிடுங்கள். தாமதமானால் அவரே போனில் பார்த்து, ஓசூரில் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பி வருவார்.