ரூட் செய்யாமல் கைபேசியில் தராசை இணைக்கும் முறை

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் தம் மின்னணுத் தராசையும் கைபேசியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள என் கடைக்கு வந்தார். தராசு காட்டும் எடையைக் கையால் எழுதாமல் நேராகப் போனில் பதிய வேண்டும் என்பது அவர் தேவை. "ரூட் பண்ணுனாத்தான் ஆவும்னு சொல்லுதாவளே தம்பி, நெசமா?" என்று கேட்டார். ரூட் என்பது போனின் இயங்குதளப் பூட்டை உடைத்து முழு அதிகாரத்தைக் கையில் எடுப்பது. அவர் கேட்டது நெசமில்லை. ரூட் செய்த போனில் வங்கிச் செயலிகளும் பணம் வாங்கும் செயலிகளும் முரண்டு பிடிக்கக்கூடும் என்பதால், வியாபாரிக்கு அது லாபத்தைவிட நட்டத்தையே தரும்.

2011இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.1 பதிப்பிலிருந்தே, யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேசும் வழி சாதாரணச் செயலிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. கணினியில் டிரைவர் என்பது இயங்குதளத்தின் உட்பகுதியில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்றைப் போனில் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால்தான் ரூட் தேவை. ஆனால் அந்த டிரைவர் செய்யும் வேலையைச் செயலியே தனக்குள் வைத்துக்கொண்டால், நீங்கள் திரையில் ஒருமுறை அனுமதி கொடுப்பதே போதும். ஆகவே போனைக் குடைவதைவிட, உங்கள் கருவியைப் புரிந்துகொள்ளும் செயலியைத் தேடுவதே சரியான வேலை.

முதலில் கேபிள். பழைய மைக்ரோ யூஎஸ்பி போனில், வேறு கருவியைப் போனோடு மாட்ட உதவும் ஓடிஜி கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் முனையில் உள்ள 5 ஊசிகளில் ஐடி எனப்படும் ஊசி தரைக்கம்பியோடு (கிரவுண்ட்) இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டுதான், கருவிக்கு மின்சாரம் கொடுத்துத் தலைமை தாங்க வேண்டியது தானே என்று போன் அறிந்துகொள்கிறது. சாதாரண சார்ஜர் கேபிளின் மறுமுனையில் மாற்றி ஒன்றை மாட்டினால் இது நடக்காது. டைப்-சி போனில் டைப்-சி ஓடிஜி மாற்றி போதும். ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் பலவற்றில் அமைப்புகளுக்குள் ஓடிஜி என்று தனி விசை இருக்கும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே அணைந்துவிடுவதும் உண்டு. என்னிடம் 'கேபிள் கெட்டுப்போச்சு' என்று வருபவர்களில் பலருக்கு இந்த விசையைத் தட்டிவிடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

பென் டிரைவ், விசைப்பலகை, மவுஸ் ஆகியவை மாட்டியவுடன் வேலை செய்யும். பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஆதார் கைரேகைக் கருவிக்கு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆர்டி சர்வீஸ் செயலியை நிறுவ வேண்டும்.

தராசுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பெரும்பாலான தராசுகளின் பின்புறம், எடையை வெளியே அனுப்பும் 9 ஊசி கொண்ட ஆர்எஸ்-232 என்னும் பழைய வகைத் துளை இருக்கும். அதற்கு ஆர்எஸ்-232இலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வாங்குங்கள். ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பயிற்சிப் பலகைகளுக்கு விற்கும், குறைந்த மின்னழுத்தத்துக்கான மலிவான டிடிஎல் மாற்றியை வாங்கிவிடாதீர்கள். ஆர்எஸ்-232 கம்பியில் எதிர்மின்னழுத்தமும் வரும், 10 வோல்ட்டைத் தாண்டியும் போகும் என்பதால் அதிலுள்ள சில்லு கருகிவிடக்கூடும். கேபிளுக்குள் இருக்கும் சில்லு எஃப்டி232, சிபி2102, பிஎல்2303, சிஎச்340 ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், பிளே ஸ்டோரில் கிடைக்கும் 'சீரியல் யூஎஸ்பி டெர்மினல்' போன்ற செயலி அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

மாட்டியவுடன் அனுமதி கேட்டு ஒரு பெட்டி திரையில் தோன்றும். அதில் 'எப்போதும் இச்செயலியையே திற' என்னும் கட்டம் இருந்தால் அதையும் தொட்டுவிடுங்கள். இல்லையேல் கேபிளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அனுமதி கேட்டு நச்சரிக்கும். பிறகு செயலியில் தரவு வரும் வேகத்தை (பாட் ரேட்) 9600 என்றும், தரவு 8 பிட், பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1 என்றும் வையுங்கள். அண்ணாச்சியின் தராசில் முதலில் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாகக் கொட்டியது. குப்பை எழுத்து வந்தால் பெரும்பாலும் கம்பி சரி, வேகம்தான் தவறு என்று பொருள். 2400க்கு மாற்றியதும் எண்கள் வரிசையாக இறங்கின. எழுத்தே வராமல் திரை வெறுமையாக இருந்தால், தராசு ஓயாமல் அனுப்பும் நிலையில் இருக்கிறதா, அச்சு விசையை அழுத்தினால்தான் அனுப்புமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். அதுவும் சரியென்றால், 2ஆம் 3ஆம் ஊசிகளைக் குறுக்காக இணைக்கும் 'நல் மோடம்' (null modem) எனப்படும் மாற்றி ஒன்றை இடையில் மாட்டிப் பாருங்கள்.

மின்சாரம் அடுத்த தொல்லை. தராசுக்கு மாட்டிய ஆர்எஸ்-232 கேபிள் மிகக் குறைவாகவே இழுக்கும். ஆனால் சுழலும் ஹார்டு டிஸ்க்கோ சில கேமராக்களோ இழுப்பதைப் போன் தாங்காமல் இணைப்பைத் துண்டிக்கும். அப்போது தனி சார்ஜருடன் கூடிய, பல துளைகள் கொண்ட ஹப் வேண்டும். நாள் முழுக்கத் தராசோடு போனை மாட்டி வைப்பவர்களும், இணைத்தபடியே சார்ஜ் ஏற்ற உதவும் டைப்-சி ஹப்பை வாங்குவது நல்லது; எனினும் எல்லாப் போன்களும் இதற்கு ஒத்துவராது என்பதால், போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் 5 கிலோ படிக்கல்லை வைத்து, தராசின் திரையும் போனின் திரையும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். எங்களுக்கு அதில் வேறுபாடு இல்லை. அடுத்து ஓலைப்பெட்டியோடு கருப்பட்டியை வைத்தபோதுதான் வந்தது. தராசு பெட்டியின் எடையைக் கழித்துக் காட்டியது, போனுக்கோ கழிக்காத எடையை அனுப்பியது. தராசின் அமைப்பில், வெளியே அனுப்பும் எடையை நிகர எடைக்கு மாற்றிய பிறகே அண்ணாச்சி தம் நோட்டை மூடினார்.