ஃபிளாஷ் கார்டு எழுதும் முறை: மொழி படிப்பவர்களுக்கும் தானாகப் படிப்பவர்களுக்கும்

புத்தகத்தில் அடிக்கோடு போட்ட வரியை அப்படியே எடுத்து அட்டையில் எழுதினால் அது ஃபிளாஷ் கார்டு ஆகாது. அதைப் புரட்டிப் பார்ப்பதும் புத்தகத்தைத் திரும்ப வாசிப்பதும் ஒன்றுதான். வாசிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வுக் கூடத்தில் விடை நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும். நினைவிலிருந்து ஒன்றைத் தேடி வெளியே எடுக்கிறோமே, அந்த முயற்சிதான் நினைவை உறுதியாக்குகிறது. அந்த முயற்சியைத் தவிர்க்க முடியாதபடி செய்வதே அட்டையின் வேலை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி, அதற்கு ஒரே விடை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றும் வழிகள்தான்.

தி.நகர் இந்தி பிரசார சபாவின் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் கற்கும் நர்சுகள், ஓ.எம்.ஆர். கம்பெனி வேலைக்காக ஜப்பானிய மொழி படிப்பவர்கள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலையிலேயே இடம் பிடித்து டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்கள் எல்லாருக்கும் இதே முறைதான்.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

தமிழ்ப் பாடத்தில் எல்லாருக்கும் பழக்கமான ஐந்திணையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் எழுதும் அட்டை இப்படி இருக்கும்: ‘ஐந்திணைகளுக்கும் உரிய சிறுபொழுது, பெரும்பொழுது யாவை?’ பின்பக்கம் ஒரு பெரிய அட்டவணை. பத்து விடைகளில் எட்டு சரி, இரண்டு தவறு என்றால் இந்த அட்டையில் தேறினீர்களா இல்லையா? தவறு என்று வைத்தால் தெரிந்த எட்டையும் நாளைக்கு வீணாகத் திரும்பச் சொல்ல வேண்டும். சரி என்று வைத்தால் தெரியாத இரண்டும் அட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். நாளடைவில் இந்த அட்டை வந்தாலே சலிப்பு வரும், தள்ளிவிடுவீர்கள்.

இதை உடைக்க வேண்டும். ‘குறிஞ்சியின் சிறுபொழுது?’ என்பது ஓர் அட்டை; விடை யாமம். முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். ஐந்து அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி. இதைத் தலைகீழாகவும் கேட்கலாம்: ‘எற்பாடு எந்தத் திணைக்கு உரியது?’ விடை ஒன்றே ஒன்று, நெய்தல். ஆக மொத்தம் பத்து.

பெரும்பொழுதுக்கும் இதேபோல் தலைகீழ் அட்டை போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ‘முல்லையின் பெரும்பொழுது?’ என்றால் கார். சரி. ‘கார்காலம் எந்தத் திணைக்கு உரியது?’ என்று திருப்பினால் முல்லையும் சரி, மருதமும் சரி, நெய்தலும் சரி. பின்னிரண்டுக்கும் ஆறு பெரும்பொழுதுகளும் உரியவை. சரியாகச் சொன்ன விடையையே அட்டை தவறு என்று காட்டும். அங்கே கேள்வியை மாற்றுங்கள்: ‘ஆறு பெரும்பொழுதுகளும் உரிய திணைகள் எவை?’ ‘கார் ஒன்று மட்டுமே உரிய திணை எது?’ எந்த அட்டையைத் தலைகீழாக்கும் முன்பும், விடையிலிருந்து பார்த்தால் ஒரே கேள்விக்குத்தான் போகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

வரிசையாக நினைவில் இருக்க வேண்டியவற்றுக்கு நடுவே ஓர் இடத்தை விட்டுக் கேட்பது நல்லது. ‘கார், கூதிர், முன்பனி, ____, இளவேனில், முதுவேனில்’ என்று ஒன்று. அடுத்த அட்டையில் வேறொரு இடம் காலி. ஆறுக்கு ஆறு அட்டை. எண்ணிக்கை கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். நேரத்தைத் தின்பது பெரிய அட்டைதான்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். புரியாத பாடத்துக்கும் அட்டை போடாதீர்கள். முதலில் பாடத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் அட்டை எழுதலாம். விடை ஒரு வரிக்கு மேல் போனால் இன்னும் உடைக்க இடம் இருக்கிறது என்று பொருள்.

மொழி அட்டையில் தமிழர்கள் இடறும் இடங்கள்

முதல் இடறல் முன்பக்கத்தில் எழுதும் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. ‘கேட்டான்’ என்று எழுதிவிட்டு இந்தியில் என்ன என்று கேட்டால் எது விடை? பாட்டுக் கேட்டால் ஸுனா, வழி கேட்டால் பூச்சா, கடன் கேட்டால் மாங்கா. மூன்றும் சரி. அதனால் தனிச் சொல்லை விட்டுவிட்டு ‘பாட்டுக் கேட்டான்’, ‘வழி கேட்டான்’, ‘கடன் கேட்டான்’ என்று மூன்று அட்டை போடுங்கள். இரண்டு மூன்று சொல் கொண்ட சிறு தொடர் எப்போதும் தனிச் சொல்லைவிட நன்றாக நிற்கும். பேசும்போதும் அப்படியே வாயில் வரும்.

இரண்டாவது, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கம். இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கானா’தான். பேச்சும் சோறும் இரண்டுமே ‘பாத்’ ஆகிவிடும். ஒலி வேறுபாட்டை அட்டையே அழித்துவிட்டால் காது எப்படிப் பழகும்? முதல் இரண்டு வாரத்தை எழுத்துகளுக்கே ஒதுக்குங்கள்: நாளைக்கு ஐந்து எழுத்து, முன்பக்கம் ஒலிக்கான சொல், விடையைத் தாளில் கையால் எழுத வேண்டும். அதன்பின் அட்டையில் அந்த மொழியின் எழுத்து மட்டும். இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் தந்திருப்பது படிக்கும் வசதிக்காக. அட்டைக்கு அது வேண்டாம்.

மூன்றாவது பால். தமிழில் மேசைக்கும் கரண்டிக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது என்பதால் அதைக் கவனிக்கவே நமக்குத் தோன்றாது. ஜெர்மன் பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் டேர், டீ, தஸ் என்ற சிறு சொல்லோடு சேர்த்து ஒரே துண்டாகப் படியுங்கள்: கரண்டி டேர் லொஃபல், முள்கரண்டி டீ காபல், கத்தி தஸ் மெஸர். பன்மைக்குத் தனி அட்டை. பாலுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்வது உதவும். ஆனால் அந்த நிறம் பின்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். முன்பக்கத்தில் தெரிந்தால் விடையை நிறமே சொல்லிவிடும்.

இந்தியில் பால் வினையிலும் ஏறும். ராமன் ரொட்டி சாப்பிட்டான் என்பது ‘ராம் நே ரோட்டீ காயீ’. ஆப்பிள் சாப்பிட்டான் என்றால் ‘ராம் நே ஸேப் காயா’. சாப்பிட்டது அதே ராமன்தான். ரொட்டி பெண்பால், ஆப்பிள் ஆண்பால் என்பதால் வினை மாறுகிறது. இலக்கண விதியை அட்டையில் எழுதினால் பேசும்போது கை கொடுக்காது. வினையின் இடத்தைக் காலியாக விட்ட வாக்கியங்களாக எட்டு, பத்து எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் சாப்பிடும் பொருள் மாறட்டும்.

ஜப்பானிய மொழியில் நம் ‘இல்’ உருபே குழப்பும். பள்ளியில் இருக்கிறேன் என்றால் ‘கக்கோ நி இமஸ்’. பள்ளியில் படிக்கிறேன் என்றால் ‘கக்கோ தே பெங்க்யோ ஷிமஸ்’. இருப்பதற்கு நி, செயல் நடக்கும் இடத்துக்கு தே. இரண்டையும் ஒரே அட்டையில் ஒப்பிட்டு எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். இடைச்சொல் காலியாக உள்ள இரு அட்டைகளாக, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நான்கைந்து நாள் இடைவெளி விட்டுச் சேருங்கள். வலது, இடது, திங்கள், செவ்வாய், நிறங்கள் என ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் சேர்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

புதுச் சொல்லுக்கு முதலில் பிறமொழியிலிருந்து தமிழுக்கு அட்டை போடுங்கள். அது ஒரு வாரம் தாக்குப்பிடித்த பிறகு தமிழிலிருந்து அந்த மொழிக்குப் போகும் அட்டையைச் சேர்க்கலாம். இது கடினமானது, பேச்சுக்கு வேண்டியதும் இதுதான்.

காகித அட்டையும் பெட்டியும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலும் அதைச் சுற்றியும் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏ4 அளவில் 200 முதல் 250 ஜி.எஸ்.எம். தடிமன் கேளுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜி.எஸ்.எம்.தான், பின்பக்க விடை முன்பக்கம் தெரியும். 300 வாங்கினால் உறுதி, ஆனால் நூறு அட்டை சேர்ந்தால் பையில் பாரம். ஓர் ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 7.4 × 10.5 செ.மீ., வாக்கியத்துக்கு அது. பதினாறாக வெட்டினால் 5.2 × 7.4 செ.மீ., சொல்லுக்கு அது போதும். ஏழு தாளில் 112 அட்டை வந்துவிடும். வழவழப்பான ஐவரி அட்டையில் ஜெல் பேனா மை காயாமல் இழுக்கும். பால்பாயிண்ட் பேனாவே நல்லது. எல்லா அட்டையிலும் மேல் வலது மூலையைச் சிறிதாக வெட்டிவிட்டால் கலைத்து அடுக்கும்போது முன்பின் மாறாது. ரப்பர் பேண்டு போடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் சில மாதத்தில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். கிளிப் அல்லது துளையிட்டு வளையம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை சுருளும். மூடியுள்ள டப்பாவில் நெருக்கமாக அடுக்கி வையுங்கள்.

பெட்டி முறையை 1972-ல் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். ஒரு ஷூ டப்பாவை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது செவ்வாய், வெள்ளி, மூன்றாவது ஞாயிறு, நான்காவது மாதம் இருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. இடைவெளி இப்படி விரியக் காரணம், மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்துக் காட்டியது இது.

விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். மனதுக்குள் ‘தெரியும்’ என்று நினைத்துத் திருப்பினால் அரைகுறையும் சரி ஆகிவிடும். தவறும்போதெல்லாம் பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. நான்கு புள்ளி சேர்ந்தால் கோளாறு அட்டையில்தான். கிழித்துப்போட்டு வேறு தொடரில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுவது அவசியம். இல்லையென்றால் முந்தைய அட்டையே அடுத்ததன் விடையை நினைவூட்டும்.

கைப்பேசியில்

2006-ல் வெளிவந்த ஆன்கி செயலி இதே வேலையை அட்டைக்கு அட்டை தனி நாள் கணக்குப் போட்டுச் செய்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் விலைக்கு. தாம்பரம் பீச் மின்ரயிலில் பார்த்து முடிக்க வசதியாக இருக்கும். ஆனால் அட்டை எழுதும் வேலையை மேசையில் உட்கார்ந்தே செய்யுங்கள். நின்றுகொண்டு அவசரத்தில் தட்டும் அட்டையில்தான் எழுத்துப்பிழை ஏறும். பிழையை மனப்பாடம் செய்துவிட்டால் அழிப்பது பெரும்பாடு.

நிறுவியவுடன் மாற்ற வேண்டியது ஒன்று. புது அட்டை நாளைக்கு 20 என்று இருக்கும். அதை 8 ஆக்குங்கள். புது அட்டையின் ஏழு முதல் பத்து மடங்கு தினசரி மறுபார்வையாகத் திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 8 என்றால் 60 முதல் 80, கால் மணி நேரத்தில் முடியும். 20 என்றால் சில வாரத்தில் 150-ஐத் தாண்டி, ஒரு நாள் விட்டாலும் மலைப்பாகிவிடும்.

விடையைப் பார்த்த பிறகு செயலியில் அழுத்தும் பொத்தான்களில் பலர் தவறு செய்கிறார்கள். மறந்துவிட்டால் ‘அகெய்ன்’ மட்டுமே. மனம் கேட்காமல் ‘ஹார்ட்’ அழுத்தினால் செயலி அதைச் சரியான விடையாகவே எண்ணி அட்டையைத் தள்ளிப்போடும். அடுத்த முறை வரும்போது சுத்தமாக மறந்திருக்கும். நினைவு வந்தால் ‘குட்’. இந்த இரண்டு பொத்தானை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டலாம்.

பிறர் தயாரித்த ஐயாயிரம் சொல் தொகுப்பை இறக்கிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் நிற்கிறார்கள். எழுதும்போது நடக்கும் பாதிப் படிப்பு அங்கே இல்லை. மொழிபெயர்ப்பும் நம் குழப்பங்களை அறிந்து செய்ததில்லை. எழுத்து அட்டைக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். கணினி, கைப்பேசி இரண்டிலும் வைத்திருந்தால் அட்டை சேர்க்கும் முன்பு ஒத்திசைவு செய்யுங்கள். ‘எதை வைத்துக்கொள்ள?’ என்று செயலி கேட்கும்போது மாற்றி அழுத்தினால் ஒரு பக்கத்து வேலை அழிந்துபோகும்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய் வந்தால் நிலுவை நானூறு நிற்கும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். புது அட்டையைப் பூஜ்யமாக்குங்கள், மறுபார்வையின் தினசரி வரம்பை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 100 என்று வையுங்கள். பாதிக்கு மேல் தவறினால் அதுவும் அதிகம், 60-க்கு இறக்குங்கள். படிக்கும்போது இனி தேவையே இல்லை என்று தோன்றும் அட்டையைத் தயங்காமல் நீக்குங்கள். நிலுவை தீர்ந்த மறுநாள் புது அட்டை மூன்றில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து ஐந்தாக்கலாம். தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தால் புது அட்டையைத் திறக்கவே வேண்டாம். புள்ளி அதிகம் விழுந்தவற்றை மட்டும் தனியே எடுத்துக் காலையும் மாலையும் பாருங்கள்.