ஆறு பேர் வரலாம் என்றால் ஆறு வீட்டாரும் வரலாமா? சந்திப்புக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 செப்டம்பர் 14 அன்று இங்கிலாந்தில் 'ஆறு பேர் விதி' நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள்ளும் சரி, வெளியிலும் சரி, ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாது. அன்று முதல் பல வீடுகளில் ஒரே கணக்குதான் ஓடியது: நாம் நாலு பேர், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, இந்த வாரம் யாரைக் கூப்பிடலாம்? சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் நாம் தலையை எண்ணிக்கொண்டிருந்தபோது, கொரோனா வைரஸ் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டுப்பாடுகள் 2021 ஜூலை 19-இல் நீங்கிவிட்டன. இருந்தாலும் அதே கேள்வி சின்ன அளவில் இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. கீமோ எடுக்கும் அம்மா, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட மாமா, பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தை இருக்கும் வீட்டில் யாரைச் சந்திப்பது, எப்படிச் சந்திப்பது? அன்று நடந்த தவறுகளை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டால் இதற்குப் பதில் சொல்வது எளிது.

உச்சவரம்பை அளவாக எடுத்துக்கொள்வது

2020 ஜூலை 4-க்குப் பிறகு இங்கிலாந்தில் இரண்டு வீட்டார் உள்ளே சந்திக்கலாம் என்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வீடு. அடுத்த நாள் வேறு வீட்டாரைச் சந்திக்கத் தடையில்லை. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுந்தார்கள். ஒரு வீடு வாரத்துக்கு மூன்று வீட்டாரைத் தனித்தனியாகச் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரும் தலைக்கு இன்னும் இரண்டு வீட்டாரைச் சந்தித்தால் ஆறு வீடு. அடுத்த சுற்றில் பன்னிரண்டு. ஆக மொத்தம் 21 வீடுகள் உங்கள் சோபாவோடு தொடர்பில் இருக்கின்றன. ஒரு நாள்கூட யாரும் விதியை மீறவில்லை.

இதற்கு மாற்று, நான்கு வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு மட்டும் பழகுவது. இரண்டு வீடும் வேறு யாரோடும் உள்ளே உட்காராமல் இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். தொடங்கும் முன் நான்கு விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: உங்கள் வீட்டில் யார் வேலைக்கு வெளியே போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, இந்த வாரம் வேறு யார் வீட்டுக்குப் போனீர்கள், கடைசியாக யாருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். 'முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்' என்று ஆரம்பித்தால் கேள்வி உறுத்தாது.

பபிளோடு இன்னொரு பபிளைக் கோப்பது

2020 ஜூன் 13 முதல் தனியாக வாழும் பெரியவரோ, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாயோ தந்தையோ வேறொரு வீட்டோடு 'சப்போர்ட் பபிள்' அமைக்கலாம் என்று அனுமதி வந்தது. அதற்குப் பின் அந்த இரண்டும் ஒரே வீடு போல. கட்டிப்பிடிக்கலாம், இரவு தங்கலாம். அந்தக் காலத்தில் வந்த விதிகளிலேயே மிகவும் மனிதத்தன்மை உள்ள விதி இதுதான் என்பது எங்கள் எண்ணம். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான்.

மூத்த மகன் வீட்டோடு அம்மா பபிள். அதே வீட்டு மருமகளின் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே தனியாக இருப்பவர்கள்தானே என்பது வாதம். விதி சொன்னது ஒரு வீட்டுக்கு ஒரு பபிள் மட்டும். இரண்டு பாட்டிமாரும் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டாலும், பேரப்பிள்ளை வழியாக ஒருவர் வீட்டுக் கிருமி மற்றவர் வீட்டுக்குப் போய்விடும். பிள்ளை பராமரிப்புக்கென்று தனியாக வந்த பபிளும் இப்படித்தான் வளைந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மட்டுமே அது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் இரவுச் சாப்பாடு வரை உட்கார்ந்துவிட்டால் அது பராமரிப்பாகாது.

பபிளை மாற்ற வேண்டுமானால் பழைய வீட்டாரைக் கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து இடைவெளி விட வேண்டும். முதலில் 14 நாள், 2020 டிசம்பர் நடுவிலிருந்து 10 நாள். வெள்ளிக்கிழமை மகள் வீடு, ஞாயிற்றுக்கிழமை மகன் வீடு என்று மாறி மாறிப் போனவர்களுக்கு இது தெரிந்தே இருக்கவில்லை.

யார் வீட்டோடு சேர்வது என்பதில் பாசத்தை அளவுகோலாக்கினால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும். வெளித்தொடர்பு குறைவான வீடு எது, நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு வரக்கூடியவர் யார், கீழ்த்தளத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். முடிவை எல்லோர் முன்னாலும் சொல்லி, மறுபடி யோசிக்கும் தேதியையும் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் சொன்னது லண்டனுக்குப் பொருந்தாது. ஆறு பேர் கணக்கில் இங்கிலாந்து கைக்குழந்தையையும் சேர்த்தது. ஸ்காட்லாந்து பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவில்லை. வேல்ஸில் பதினொன்றுக்குக் குறைந்தவர்கள் கணக்கில் வரவில்லை. தொலைக்காட்சியில் பிரதமர் அறிவித்தது பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மட்டும்.

இரண்டு மீட்டரைக் காத்து, காற்றை மறப்பது

பெரிய தவறு இதுதான். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் மாவட்டத்துப் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்தவர் ஒருவர். 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. இருவர் இறந்தார்கள். பாட்டும் உரத்த பேச்சும் வாயிலிருந்து நுண்துளிகளை அதிகமாக வெளியேற்றும்; மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்வதால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். வீட்டில் பஜனை வைத்தாலும் பிறந்தநாள் பாட்டு பாடினாலும் இதே கதைதான்.

லண்டனில் சாதாரண வீட்டு வரவேற்பறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டருக்கு நாலரை மீட்டர், கூரை 2.4 மீட்டர் உயரம். சுமார் 43 கன மீட்டர் காற்று. ஆறு பெரியவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினால் முக்கால் மணி நேரத்துக்குள் மூச்சில் வெளிவரும் கரியமில வாயு 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1500 பங்கு) அளவைத் தொட்டுவிடும். வெளிக்காற்றில் அது 420 அளவில் இருக்கும். கரியமில வாயுவை அளக்கும் மீட்டரில் 800-க்குக் கீழே காட்டினால் காற்று நன்றாக மாறுகிறது. 1500-ஐத் தாண்டினால் நீங்கள் மற்றவர் விட்ட மூச்சையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மீட்டர் வாங்கும்போது அகச்சிவப்பு உணரி உள்ளதா என்று பாருங்கள். மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை வைத்து ஊகிக்கின்றன. ஊதுபத்தி ஏற்றினால் அதில் எண் எகிறும். வாங்கியதும் வெளியே அரை மணி நேரம் வைத்துச் சரிபாருங்கள். 400-லிருந்து 450-க்குள் வர வேண்டும். கேஸ் அடுப்பு எரியும் சமையலறையில் வைக்காதீர்கள், தீயும் கரியமில வாயுவை விடும்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடும் என்று பயந்தார்கள். வெளியே குளிர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகமாகக் காற்று மாறும். அதனால் சிறு திறப்பே போதும். ஜன்னலின் மேற்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் திறந்தே வைத்து, மணிக்கு ஒருமுறை எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள். சுவரும் தளபாடமும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அறை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். பிவிசி ஜன்னல் சட்டத்தின் மேலே நீளமாக ஒரு காற்றுத்துளை இருக்கும். அதைக் குளிருக்காகப் பலர் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். முதலில் அந்த டேப்பைப் பிரித்தெடுங்கள்.

அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டை ஓடவிட்டால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. பல வீடுகளில் அது கரித்துண்டு வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து அதே அறைக்குள்தான் திருப்பி விடும். வீட்டுக்கு வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். விசிறி ஓடும்போது திறந்துகொள்ளும் சிறிய மூடி எதுவும் இல்லையென்றால் அதனால் பயனில்லை. குளியலறை விசிறி பெரும்பாலும் வெளியே தள்ளும். விருந்தினர் இருக்கும்வரை அதை ஓடவிடலாம்.

நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருந்தால், மேலே சொன்ன அறைக்கு மணிக்கு 220 கன மீட்டராவது சுத்தக் காற்று தரும் கருவி வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு முழு வேகத்துக்கானது. சத்தம் கேட்கிறதென்று இரவு வேகத்தில் வைத்தால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். அது கரியமில வாயுவை எடுக்காது. ஆகையால் சுத்திகரிப்பான் நன்றாக வேலை செய்தாலும் மீட்டர் எண் இறங்காது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மளிகைப் பையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய உழைப்பில் பாதியை ஜன்னலுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்மை கிடைத்திருக்கும். பொருளைத் தொட்டுத் தொற்று வருவது அரிது என்பது பின்னால் தெளிவானது.

தோட்டத்தில் சந்தித்தால் எல்லாம் சரி என்று நினைப்பது

வெளியே சந்திப்பது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது, சந்தேகமில்லை. ஆனால் மழைக்குக் கூடாரம் போட்டு, நான்கு பக்கமும் சீலையை இறக்கிவிட்டால் அது இன்னொரு அறை. சுவர்ப்பக்கத்தில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தால் இங்கிலாந்தில் சட்டமும் அதை உள்ளிடமாகவே பார்த்தது. குறைந்தது இரண்டு பக்கத்தையாவது சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

இரண்டு மீட்டர் எவ்வளவு என்று பலர் கண்ணால் மதிப்பிட்டு ஏமாந்தார்கள். இங்கிலாந்தில் வீட்டு அறைக்கதவின் உயரம் பொதுவாக 1.98 மீட்டர். அந்தக் கதவைத் தரையில் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, விருந்தினர் வந்தபின் இழுக்கவிடாதீர்கள். தோட்டத்துக்குப் பக்கவாசல் இல்லாத வீடுகளில் மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்காமல் உள்ளே கடந்து போகச் சொல்லுங்கள். தவறு நடப்பது திரும்பும் வழியில்: குளிர் ஏறியதும் 'உள்ளே வாங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்று கூப்பிடுவோம், ஐந்து நிமிடம் ஒன்றரை மணியாகும். ஆளுக்கொரு போர்வையும் பிளாஸ்க்கும் முதலிலேயே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் உள்ளே அழைக்கக் காரணமே வராது.

முந்தின நாள் டெஸ்ட்டை நம்புவது

வீட்டிலேயே எடுக்கும் லாட்டரல் ஃப்ளோ கொரோனா டெஸ்ட் அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும். வெள்ளி இரவு ஒற்றைக் கோடு (நெகட்டிவ்) வந்தால் சனி மதியத்துக்கு அது உறுதிமொழி ஆகாது. கிளம்புவதற்குச் சற்று முன் எடுங்கள். தொண்டையில் எடுக்கும் வகையானால் அதற்கு அரை மணி முன்னிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம். கிட்டில் சொன்ன நேரத்தில் மட்டும் பாருங்கள், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள். அந்த நேரத்துக்குள் மங்கலாகத் தெரியும் இரண்டாவது கோடும் பாசிட்டிவ்தான்.

அதேபோல, சனிக்கிழமை ஒருவரைச் சந்தித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எடுத்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. முதலில் வந்த கொரோனா வகையில், தொற்றியபின் அறிகுறி தெரிய ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குப் பரவும். நாளை எண்ணுவதிலும் ஒரு நாள் தப்புவது வழக்கம்: அறிகுறி தொடங்கிய நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று.

பண்டிகைக்கு ஒரே திட்டம் வைத்திருப்பது

2020-இல் தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. இங்கிலாந்தில் நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை இரண்டாம் லாக்டவுன். பபிளில் இல்லாதவரை வீட்டுக்கு அழைக்க வழியில்லை. பூங்கா போன்ற பொதுவெளியில் ஒரே ஒருவரைச் சந்திக்கலாம். கிறிஸ்துமஸுக்கு மூன்று வீட்டார் டிசம்பர் 23 முதல் 27 வரை கூடலாம் என்று முதலில் சொன்னார்கள். டிசம்பர் 19 அன்று அது மாறியது: லண்டனிலும் தென்கிழக்கிலும் கூடவே கூடாது, மற்ற இடங்களில் கிறிஸ்துமஸ் நாள் மட்டும். வான்கோழி வாங்கிவிட்டோம், ரயில் டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதற்காகவே கிளம்பியவர்கள் உண்டு.

ஆகவே திட்டத்தைச் சிறியதிலிருந்து தொடங்குங்கள். யாரும் வர முடியாவிட்டால் இந்தப் பண்டிகை எப்படி இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குச் சமையுங்கள். பலகாரத்தை முன்பே பகிர்ந்துவிடலாம்: திருப்பித் தர வேண்டியிராத டப்பாவில் வைத்து, பெயரும் செய்த தேதியும் எழுதி, வாசலில் வைத்து மணியடித்துவிட்டு ஒரு கதவு நீளம் பின்னால் நில்லுங்கள். தோட்டம், பூங்கா, உள்ளே என்பதெல்லாம் அதன் மேல் வரும் கூடுதல். ரத்தாகும் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தனியாக இருப்பவருக்குக் கூட்ட அழைப்பு மட்டும் வைப்பது

இருபது பேர் ஒரே ஜூம் திரையில். பிள்ளைகள் கத்துகிறார்கள், யாரோ மைக்கை அணைக்கவில்லை, இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படுகிறது. காது மந்தமான அப்பம்மா மூலையில் சிரித்துக்கொண்டே இருப்பார். அவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. அவருக்கு இதைவிட நல்லது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒருவர் பதினைந்து நிமிடம் பேசுவது, சாதாரண தொலைபேசியில். திங்கள் யார், செவ்வாய் யார் என்று பேரப்பிள்ளைகள் பட்டியல் போட்டு அவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் 'ஓம்' என்றுதான் பதில் வரும். 'இன்றைக்கு என்ன கறி, உப்புச் சரியாக இருந்ததா' என்று கேளுங்கள். மூன்று நாளாக ஒரே பதில் வந்தால் அவர் சமைப்பதை நிறுத்திவிட்டாரோ என்று பார்க்க, அன்றே ஒருவர் அவர் வாசல் வரை போய்வர வேண்டும்.