டிரைசரை எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் படித்து முடிப்பது

அமெரிக்க நாவலாசிரியர் தியோடர் டிரைசரைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், அனேகமாக எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்திருப்பார்கள்: பெயரைக் கேள்விப்பட்டதும் நேரே 'ஆன் அமெரிக்கன் ட்ராஜடி'யை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான். இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் கன்சாஸ் சிட்டி ஓட்டலிலேயே, அதாவது கிளைட் என்கிற பையன் விருந்தாளிகளுக்குப் பெட்டி தூக்கி டிப்ஸ் வாங்குகிற இடத்திலேயே, மூடி வைத்துவிட்டேன். எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஓடும் நாவல் அது. 1925-இல் வெளியானபோது இரண்டு தொகுதியாகத்தான் வந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது 'சிஸ்டர் கேரி', 1900-இல் வந்த அவருடைய முதல் நாவல். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, எந்தப் பதிப்பு என்பது. டிரைசர் எழுதிய கைப்பிரதியை அவருடைய மனைவியும் நண்பர் ஆர்தர் ஹென்றியும் பார்த்து நிறைய வெட்டினார்கள், அப்படிச் சுருங்கியதுதான் அச்சானது. வெட்டியதையெல்லாம் மீட்டு 1981-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு பதிப்பு கொண்டுவந்தது. இரண்டுக்கும் முடிவே வேறு: பழையது ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கேரியோடு முடியும், மீட்டது அவளோடு வாழ்ந்த ஹர்ஸ்ட்வுட் சாகும் இடத்தோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால் முதல் வாசிப்புக்கு 1900 பதிப்பே போதும், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிடித்துப்போனால் அப்புறம் மற்றதைத் தேடிக்கொள்ளலாம்.

சரி, எப்படிப் படிப்பது? ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களின் பெயரை எழுத அல்ல, காசை எழுத. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிரைசர் மனிதர்களை அளப்பதே டாலரில்தான், அந்தக் கணக்கு கையில் இருந்தால் 'இவள் ஏன் இப்படிச் செய்தாள்' என்ற கேள்வியே வராது. கேரி 1889 ஆகஸ்ட்டில் சிகாகோவுக்கு ரயிலேறும்போது கையில் 4 டாலர். செருப்புத் தொழிற்சாலையில் வாரம் 4.50 கிடைக்கிறது, அக்கா வீட்டில் தங்கிச் சாப்பிட 4 போய்விடுகிறது, மிச்சம் 50 சென்ட்டில் டிராம் கட்டணம்கூடக் கட்டுப்படியாகாது. குளிர் வருகிறது, கோட்டு இல்லை, காய்ச்சலில் படுக்கிறாள், வேலையும் போகிறது. அப்போதுதான் ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் பிடிக்கும் டிரூவே அவள் கையில் இரண்டு பத்து டாலர் நோட்டைத் திணிக்கிறான். இதை எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள், அந்த இருபது டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே உறைக்கும். அவள் 'கெட்டுப்போவது' அந்தக் கணக்கில்தான் நடக்கிறது, ஆசிரியர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான்.

அப்புறம் அந்த இரும்புப்பெட்டிக் காட்சி. அங்கே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மதுக்கடை மேலாளர் ஹர்ஸ்ட்வுட், இரவு, கொஞ்சம் போதை, பெட்டி பூட்டாமல் கிடக்கிறது, உள்ளே பத்தாயிரம் டாலருக்கு மேல். எடுக்கிறார், திரும்ப வைக்கிறார், மறுபடி எடுக்கிறார், வைத்தது சரியான இடம்தானா என்று திறந்து பார்க்கிறார். பணம் கையில் இருக்கும்போதே பூட்டு க்ளிக்கென்று விழுந்துவிடுகிறது. திருடினாரா, திருட நேர்ந்துவிட்டதா? அந்தக் க்ளிக்குக்கு முந்தைய நாலைந்து பக்கத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன், இன்னும் தீர்ப்பு சொல்ல வரவில்லை.

பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு 1,300 டாலரோடு, கேரியையும் கூட்டிக்கொண்டு, அவர் நியூயார்க் போகிறார். இங்கிருந்து உங்கள் தாளில் இரண்டு பத்தி போடுங்கள், ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் கேரி. மேடையில் வாரம் 12 டாலருக்குக் கூட்டத்தோடு ஆடத் தொடங்குபவள் 18-க்கு ஏறி, கடைசியில் 150-க்குப் போகிறாள். அவர் சூடேற்றி அருகே நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டே இறங்குகிறார், இறங்குகிறார், கடைசியில் ஒரு இரவு தங்க 15 சென்ட்.

நடை பற்றி ஒரு வார்த்தை. டிரைசர் அழகாக எழுதுபவர் அல்ல, அவரை நேசிப்பவர்களே இதை ஒத்துக்கொள்வார்கள். அத்தியாயத் தொடக்கங்களில் மனித இயல்பு, பிரபஞ்ச சக்திகள் என்று பேச ஆரம்பித்தால் கண்ணை ஓட்டிக்கொண்டு போங்கள், குற்றமில்லை. ஆனால் உடை, அறை, கூலி, சாப்பாடு என்று பட்டியல் போடுகிற இடங்களைத் தாண்டாதீர்கள், கதை அங்கேதான் இருக்கிறது. பத்திரிகை நிருபராக இருந்தவர், அந்தப் பழக்கம்.

இந்தப் புத்தகம் வந்த கதையும் தெரிந்திருந்தால் நல்லது. டபுள்டே பதிப்பகத்தில் கைப்பிரதியைப் படித்துப் பரிந்துரைத்தவர் இன்னொரு நாவலாசிரியரான ஃபிராங்க் நோரிஸ். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, ஒப்பந்தம் இருந்ததால் அச்சடித்தார்கள், விளம்பரம் செய்யவில்லை. சுமார் ஆயிரம் பிரதியில் விற்றது 456. டிரைசர் மனமுடைந்து போனார்; அடுத்த நாவல் 'ஜென்னி கெர்ஹார்ட்' வர 1911 ஆனது.

அதை இரண்டாவதாகப் படிக்கலாம், இல்லை 'தி ஃபைனான்சியர்' (1912) எடுக்கலாம். பணம் பண்ணும் வித்தை பிடிக்கும் என்றால் 'தி ஃபைனான்சியர்'தான். சிகாகோ டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸை வைத்து எழுதியது. மீன்தொட்டியில் ஒரு சிங்கி இறால் ஒரு கணவாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைச் சிறுவனாக இருக்கும் நாயகன் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி ஆரம்பத்திலேயே வரும். 1927-இல் அவரே சுருக்கிய வடிவமும் உண்டு, அதுவே போதும். தொடர்ச்சியான 'தி டைட்டன்' விருப்பம்போல். 'தி ஜீனியஸ்' வேண்டாம், அதற்கு வந்த தடையின் கதை நாவலைவிடச் சுவாரசியம்.

இப்போது 'ஆன் அமெரிக்கன் ட்ராஜடி'. 1906-இல் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் என்ற பெண் இறந்த வழக்குதான் இதன் கரு. அவளைக் கொன்றதாகத் தீர்ப்பான அவளுடைய காதலன் செஸ்டர் ஜில்லெட் 1908-இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான். வழக்கு விவரத்தை இதற்கு மேல் தேடாதீர்கள், இரண்டாம் பகுதி முடியும்வரை. ஏரியில் படகு கவிழும் இடத்தைப் படித்ததும், அங்கே நிஜமாக என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதி முழுக்க நீதிமன்றம், அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், பலர் சலித்துப்போய் விடுவது இங்கேதான். அந்த நாலு வரி இருந்தால் சலிக்காது: அரசுத் தரப்பு சொல்வதும் அதோடு பொருந்தாது, கிளைடைக் காப்பாற்ற வந்த வக்கீல்கள் ஜோடித்த கதையும் பொருந்தாது.

முடித்ததும் புத்தகத்தை வைத்துவிடாமல் முதல் அத்தியாயத்தை மறுபடி திறந்து, கடைசிப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அதே கோடை அந்தி, தெருவில் பாட்டுப் பாடிப் பிரசங்கம் செய்யும் அதே குடும்பம். ஊர்தான் வேறு, கூட நிற்கும் பையனும் வேறு.