பழைய காருக்கு எஞ்சின் வேலையா, வேறு எஞ்சினா?

பழைய பெட்ரோல் கார் நீலப்புகை விடுகிறது, இழுவையும் இல்லை. மெக்கானிக் "எஞ்சினை இறக்கணும்" என்றால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டாக (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

தேய்மானம்தான், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் நன்றாக இருக்கிறது என்றால் ரீபோர் செய்வதே (சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், ரிங் போடுவது) என் தேர்வு. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியுமே! பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டிருந்தால் வேறு எஞ்சின்தான்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய எஞ்சின் வாங்கினால் பில்லும், எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான ஆவணமும் கட்டாயம் கேளுங்கள். ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருக்கிறது. அதனால் மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் இன்சூரன்ஸிலும் புது எண்ணை ஏற்றிவிடுங்கள்.